பல்லாவரத்துக் கல்லும் பதினெட்டு எழுத்தும்

புலம்பெயர்ந்த நாடுகளில் கல்லறை என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுவது, சட்டத்தின் கண்ணில் மூன்று தனித்தனிக் கொள்முதல்களின் சேர்க்கையாகும். குழி வெட்டப்படும் நிலத்தின் மீதான உரிமை ஒன்று. உடலைப் பாதுகாத்து, பெட்டியில் வைத்து, ஊர்தியில் ஏற்றி அடக்கம் வரை கொண்டு சேர்க்கும் சேவை இன்னொன்று. மண் இறுகிய பிறகு தலைமாட்டில் நிறுத்தப்படும் கல் மூன்றாவது. முதலாவதை நகராட்சியோ திருச்சபையோ தனியார் கல்லறைத் தோட்டமோ தருகிறது, இரண்டாவதை ஈமச்சடங்கு நிலையங்கள் தருகின்றன, மூன்றாவதை எவரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதே பெரும்பாலான நாடுகளின் பொது நிலை. ஆயினும் இம்மூன்றும் ஒரே மேசையில், ஒரே விலைப்பட்டியலில், இறப்பு நேர்ந்த முதல் வாரத்திலேயே குடும்பத்தின் முன் வைக்கப்படுவதால், கல்லும் நிலத்தோடு ஒட்டிய பொருள்தான் என்ற எண்ணம் புதிதாகக் குடியேறியவர்களிடம் எளிதில் வேரூன்றிவிடுகிறது.

தமிழ் மரபுக்கு இந்த எண்ணம் அந்நியமானது. தொல்காப்பியம் நடுகல்லுக்கு வகுக்கும் ஆறு நிலைகளில் முதலாவதான 'காட்சி' என்பது தக்க கல்லைத் தேடிக் காண்பது. 'நடுதல்' அதற்குப் பின் சில படிகள் கடந்தே வருகிறது. கல்லைத் தேர்வதும் அதை நிறுத்துவதும் வெவ்வேறு செயல்கள் என்ற தெளிவு அந்த வகுப்பிலேயே இருக்கிறது. இன்றைய சென்னையிலும் கிறித்தவக் குடும்பங்கள் இடத்தைக் கல்லறைத் தோட்ட நிர்வாகத்திடம் பெற்றுக்கொண்டு, கல்லைத் தாங்கள் அறிந்த கல்தச்சரிடமோ கிரானைட் பட்டறையிலோ பேரம் பேசிச் செய்விப்பதே பெருவழக்கு. ஊரில் கொத்தனாரிடம் பைசா பைசாவாகக் கணக்குக் கேட்டவர், லண்டனிலோ டொராண்டோவிலோ அச்சிட்ட பட்டியலைக் கண்டதும் வாயடைத்துப் போவதற்குத் துக்கம் மட்டும் காரணமன்று. அந்நிய நாட்டின் அலுவலகங்களில் கேள்வி கேட்பது நாகரிகமாகாது என்ற கூச்சமும் அதில் பாதி.

அயல்மண்ணில் இறந்தவருக்குச் சொந்தக்காரர்களே தொலைவிலிருந்து கல்லை வரவழைப்பது புதிய வழக்கமும் அன்று. அதன் மிகப் பழைய, மிக நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று சென்னையைச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக வங்காளத்தில் நீண்ட காலம் வாழ்ந்து, கல்கத்தாக் குடியேற்றத்தோடு பெயர் இணைக்கப்பட்ட ஜோப் சார்னாக் 1693 ஜனவரியில் இறந்தார். அவருடைய மருமகன் சார்லஸ் அயர் 1695 வாக்கில் எழுப்பிய கல்லறை மண்டபம், இன்று புனித யோவான் ஆலய வளாகமாக உள்ள இடத்தில் நிற்கிறது. வண்டல் மண்ணாலான கல்கத்தாவின் சுற்றுவட்டாரத்தில் கல்வெட்டுக்கேற்ற கல் கிடையாது. எனவே கல் மதராசிலிருந்து கடல்வழியே சென்றது. சொந்தமல்லாத மண்ணில் நெடுங்காலம் அலைந்தவர் என்று அக்கல்லின் இலத்தீன் வாசகம் சார்னாக்கைக் குறிக்கிறது. அந்த வாசகம் ஏறியிருக்கும் கல்லும் தன் மண்ணை விட்டு வந்ததே என்பதை அதை எழுதியவர் எண்ணியிருப்பாரா என்பது வேறு.

ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து 1893-இல் கட்டுரை வெளியிட்டார். பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் காணப்படும் பாறையே அது என அடையாளம் கண்டு, ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமத்தைக் கொண்ட அந்தக் கரும்பாறைக்குக் கல்லறைக்குரியவரின் பெயராலேயே 'சார்னகைட்' என்று பெயரிட்டார். பாறை வகை ஒன்று கல்லறைக்கல்லின் வழியாகப் பெயர் பெற்றது இவ்வாறுதான். பரங்கிமலையில் உள்ள அந்தப் பாறை 1975-இல் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் ஆலந்தூர், அடுத்தது பரங்கிமலை; தென்சென்னையின் மென்பொருள் அலுவலகங்களிலிருந்து பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த குடும்பங்கள், உலகப் பாறையியல் நூல்களில் இடம்பெற்ற கல்லறைக்கல்லின் தாய்ப்பாறைக்கு இரண்டு நிறுத்தத் தொலைவில் குடியிருக்கின்றன.

இன்று தமிழகத்திலிருந்து கல்லறைகளுக்குச் செல்லும் கல் பெரும்பாலும் வேறு வகை. விழுப்புரம் பகுதியின் குன்னம் கறுப்பு, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வெட்டப்பட்டு 'பாரடிசோ' என்ற வணிகப் பெயரால் அறியப்படும் செவ்வூதா வரிக்கல் ஆகியவை ஐரோப்பியக் கல்லறைத் தோட்டங்களுக்கு நெடுங்காலமாக ஏற்றுமதியாகின்றன. வணிகத்தில் 'கறுப்பு கிரானைட்' எனப்படுவது பாறையியல்படி கிரானைட்டே அன்று. பெரும்பாலும் டோலரைட் எனப்படும், நுண்மணிகளாலான தீப்பாறை அது. நுண்மணி என்பதால்தான் கண்ணாடிபோலப் பளபளப்பு ஏறுகிறது, எழுத்தின் விளிம்பும் உதிராமல் நிற்கிறது. ஆகவே, ஜெர்மனியின் ரூர் வட்டாரத்திலோ இங்கிலாந்திலோ ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பம் தாத்தாவின் கல்லறைக்குக் கறுப்புக் கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, அது தாத்தா பிறந்த மாநிலத்திலேயே வெட்டப்பட்டதாக இருப்பதற்கு நல்ல வாய்ப்புண்டு. விசாவுக்கு வரிசையில் நின்றவருக்கு முன்பே கல் போய்ச் சேர்ந்துவிட்டது.

கல்லுக்கும் இப்போது ஒருவகை விசா தேவைப்படுகிறது. இந்தியக் குவாரிகளில் சிறுவர் உழைப்பு இருப்பதாக எழுந்த குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து, அத்தகைய கற்களுக்கு நியூரம்பெர்க் நகரம் தன் கல்லறைத் தோட்ட விதிகளில் தடை விதித்தது. அவ்விதியை ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2013 அக்டோபரில் செல்லாது என்றது; எந்தச் சான்றிதழ் போதுமானது என்ற தெளிவு கல்தச்சர்களுக்கு இல்லை என்பது அதன் காரணங்களுள் ஒன்று. பின்னர் பவேரியா உள்ளிட்ட மாநிலங்கள் தத்தம் ஈமச்சட்டங்களிலேயே சான்றிதழ்க் கட்டாயத்தைச் சேர்த்தன. அந்த அக்கறை நியாயமானதே. தனியாகக் கல் வாங்குகிறவர், குறிப்பாக ஊரிலிருந்து நேரே வரவழைக்க எண்ணுகிறவர், கல்லின் விலையைக் கேட்பதற்கு முன் இந்தத் தாளைக் கேட்க வேண்டியிருக்கிறது.

தனியாக வாங்கும் உரிமையின் எல்லை நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் நகராட்சிக் கல்லறைத் தோட்டங்களில் குடும்பம் பெறுவது நிலம் அன்று, 'தனி அடக்க உரிமை' என்ற பத்திரம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1977-ஆம் ஆண்டின் ஆணைப்படி ஒரு தடவையில் அதிகபட்சம் 100 ஆண்டுகளுக்கு அது வழங்கப்படலாம். அப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஒப்பமிட்டால்தான் கல் வைக்க அனுமதி கிடைக்கும். கல்லை எந்தத் தச்சரிடமும் வாங்கலாம், ஆனால் நிறுத்துகிறவர் உரிய பதிவேட்டில் உள்ள நினைவுக்கல் தச்சராக இருக்க வேண்டும் என்று பல நகராட்சிகள் கேட்கின்றன. கல் சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்த நிகழ்வுகள் அங்கு உண்டு என்பதால் இந்தக் கெடுபிடியை வெறும் வருமான வழி என்று தள்ளிவிட இயலாது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலய முற்றங்களிலோ நிலைமை வேறு: பளபளப்பாக்கிய கறுப்புக் கல்லைப் பல மறைமாவட்டங்கள் ஏற்பதே இல்லை, அதாவது குன்னம் கறுப்புக்கு நகராட்சித் தோட்டத்தில் இடமுண்டு, அடுத்த தெரு ஆலயத்தில் இல்லை.

அமெரிக்காவில் 1984-இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி ஈமச்சடங்கு விதி, வெளியில் வாங்கிய சவப்பெட்டியை நிலையங்கள் ஏற்க வேண்டும் என்கிறது. அதற்குக் கையாளும் கட்டணம் வசூலிப்பது 1994-இல் தடுக்கப்பட்டது. ஆனால் ஈமச்சேவை எதையும் விற்காத வெறும் கல்லறைத் தோட்டங்களை அவ்விதி தொடுவதில்லை. எனவே பெட்டிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கல்லுக்கு அங்கே அதே அளவில் இல்லை. அடித்தளம் தாங்கள்தான் போடுவோம், வெளிக்கல்லுக்குப் பரிசோதனைக் கட்டணம் உண்டு என்றெல்லாம் தோட்டங்கள் சொல்ல இடமிருக்கிறது. தமிழர் மிகுந்த கனடாவின் ஒண்டாரியோவில் வெளியில் வாங்கலாம், தோட்டத்தின் உள்விதிகளுக்குப் பொருந்த வேண்டும், பராமரிப்பு நிதிக்கென ஒரு தொகையும் செலுத்த வேண்டும். ஜெர்மனியிலோ கல்லின் கீழுள்ள உரிமையே பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுக் குத்தகைதான்; காலம் முடிந்து புதுப்பிக்காவிட்டால் கல்லை அகற்றும் செலவும் குடும்பத்தின் தலையில் விழும்.

ஊரிலிருந்தே கல்லைக் கப்பலில் வரவழைத்தால் மலிவு என்ற கணக்கு, போட்டுப் பார்த்தால் நிற்பதில்லை. மூன்றடி உயரம், இரண்டடி அகலம், நான்கு அங்குலக் கனம் கொண்ட டோலரைட் பலகை ஏறத்தாழ 165 கிலோ இருக்கும். அதற்கு வெப்பமூட்டி முத்திரையிட்ட மரச்சட்டம் வேண்டும், துறைமுகக் கட்டணம், சுங்கம், உள்ளூர் லாரி, இறக்கும் பாரந்தூக்கி என ஒவ்வொன்றும் தனித்தனிச் செலவு. கடைசியில், தான் விற்காத கல்லுக்கு உத்தரவாதம் தர மனமில்லாத உள்ளூர்த் தச்சரிடமே போய் நிற்க வேண்டும். நூறு கல்லாக இறக்குமதி செய்யும் மொத்த வணிகருக்கு இது தொழில். ஒரே கல்லுக்கு இது தலைவலி. ஆகவே கல்லை வெளியில் வாங்குவதன் பயன் விலையில்தான் இருக்கிறது என்று எண்ணுவது பாதி உண்மை. அதன் முழுப் பயன் எழுத்தில் இருக்கிறது.

எழுத்து யாருடையது என்ற வினாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலுக்குச் சற்று மேற்கே நந்தம்பாக்கத்திலேயே ஒரு பதில் உண்டு. 1952-இல் அமைக்கப்பட்ட மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம், முதல் உலகப்போருக்குப் பிறகு, குடும்பங்கள் தங்கள் விருப்பப்படி கல் வைப்பதை முற்றாக மறுத்து, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்ற கொள்கையை ஏற்றது. குடும்பத்துக்கு விடப்பட்டது அடியில் ஒரு வாசகம் மட்டும். அதுவும் இடைவெளி சேர்த்து 66 எழுத்துக்குள், எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணத்தில். கல் அரசினுடையது, சொல் வீட்டினுடையது என்ற அந்தப் பிரிவினை கடுமையானதுதான், எனினும் நேர்மையானது.

அண்மைக் காலத்தில் சொல்லும் வழக்குக்கு வந்தது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி மறைமாவட்டத்தில் ஐரிஷ் மரபைச் சேர்ந்த ஒரு குடும்பம், தாயின் கல்லில் ஐரிஷ் மொழியில் ஒரு சிறு தொடரைப் பொறிக்க விரும்பியது. ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் அது அரசியல் முழக்கமாகத் தோன்றக்கூடும் என்று 2020-இல் திருச்சபை நீதிமன்றம் மறுத்துவிட்டது. மேல்முறையீட்டில் 2021-இல் அந்தத் தடை நீங்கியது. தமிழ்க் கல்லறைக்கல் பற்றி எழுதுவோர் இவ்வழக்கைக் கவனிக்கத் தவறுவது வியப்பளிக்கிறது. ஏனெனில், பக்கத்துக் கல்லறைக்கு வருகிறவருக்குப் புரியாத மொழி கல்லில் இருக்கலாமா என்பது நாளை எந்தத் தமிழ்க் குடும்பத்தின் முன்னும் எழக்கூடிய கேள்வி.

நீதிமன்றம் அனுமதித்தாலும் இயந்திரம் அனுமதிக்க வேண்டும். தமிழ்க் கல்லறைக்கல் பெரும்பாலும் 'தோற்றம்', 'மறைவு' என்ற இரு சொற்களோடு தொடங்குகிறது. இரண்டிலும் வில்லங்கம் உண்டு. 'தோ' என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னும் வர வேண்டும், 'றை' என்பதில் ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னே நிற்க வேண்டும். தமிழை ஒழுங்குபடுத்தத் தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் இவ்வெழுத்துகளைத் தட்டினால் குறிகள் பின்னே போய் ஒட்டிக்கொள்கின்றன, புள்ளி எழுத்தின் தலையை விட்டு விலகி வெற்று வட்டத்தின் மேல் அமர்கிறது. அலுவலக மேசையில் இருப்பவருக்கு இது பிழை என்று தெரிய வழியே இல்லை. மணல் வீச்சு முறையில், அதாவது கல்லின் முகத்தில் ரப்பர்த் தாளை ஒட்டி எழுத்து வடிவை வெட்டியெடுத்து அதன்மேல் மணலை அழுத்தத்தில் பாய்ச்சும் முறையில், இன்னொரு சிக்கலும் சேர்கிறது: 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழிக்குள் மிஞ்சும் ரப்பர்த் துணுக்கு பெயர்ந்துவிட்டால் சுழி ஒரு குழியாகிவிடும். எழுத்துகளைத் தட்டச்சாக அனுப்பாமல், தமிழறிந்த ஒருவர் வரைகோட்டு வடிவமாக மாற்றிய கோப்பாக அனுப்புவதும், புள்ளியைச் சற்றுப் பெரிதாகவே வைப்பதும் இதற்கு வழி. இதைக் கேட்டுச் செய்கிற தச்சரைத் தேடிக்கொள்ளும் உரிமைதான் தனியாகக் கல் வாங்குவதில் உள்ள மெய்யான உரிமை.

எழுத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கும் வழக்கம் இன்றும் பல தச்சர்களிடம் உண்டு. பிறந்த ஊரைக் குறிக்க விரும்பும் குடும்பத்துக்கு ஈக்காட்டுத்தாங்கல் என்ற பெயர் ஒரு சோதனை. சிறு ஏரியைக் குறிக்கும் 'தாங்கல்' என்ற சொல்லில் முடியும் இப்பெயர், தமிழ் இலக்கணப்படி பத்து எழுத்து. ஒருங்குறி முறையில் கணினி எண்ணினால், உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்பட்டுப் பதினெட்டு ஆகிறது. மெட்ரோ நிலையத்தின் ஆங்கிலப் பலகைப்படி பதினான்கு. எந்தக் கணக்கில் கட்டணம் என்பதை விலை பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மண் இறுக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தோட்டங்கள் காத்திருக்கச் சொல்வதால், முதலாண்டு நினைவு நாளுக்குள் ஆற அமர முடிவெடுக்கக் குடும்பத்துக்கு நேரம் இருக்கிறது. முதல் வாரத்தில் ஒப்பமிட வேண்டிய கட்டாயம் கல்லைப் பொறுத்தவரை இல்லை. தச்சர் அனுப்பும் மாதிரிப் படம் வாட்ஸ்அப்பில் சென்னைக்கு வரும். பெரியப்பாவோ சித்தியோ திரையை விரல்களால் விரித்து 'ட்டு'வுக்குப் பின் வல்லினம் மிகுமா என்று பார்ப்பார்கள். ஈக்காட்டுதாங்கல், ஈக்காடுதாங்கல் என்று பேருந்துப் பலகையிலும் கடைப் பெயரிலும் பலவிதமாக எழுதப்படும் ஊர் அது. படத்தில் ஒப்பமிட்ட பின் பிழை தெரிந்தால் பொறுப்பு ஒப்பமிட்டவருடையது. வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது, கல்லின் முகம் முழுவதையும் தேய்த்து இறக்கி மீண்டும் பளபளப்பேற்றித்தான் புதிதாக எழுத வேண்டும்.