பெத்தியும் நான்கு சீசாக்களும்

எங்கள் தெருவில் குடியிருந்த பெரியவரை எல்லோரும் ‘சொல்தா தாத்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் புதுச்சேரியில் வழங்குகிற பெயர் அது. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் ஆட்சியை ஒப்படைத்தார்கள். 1962-ல் சட்டப்படியும் உரிமையை விட்டார்கள். சொல் மட்டும் போகாமல் தங்கிவிட்டது.

போன வருஷம் தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பாரிஸிலிருந்து மகள் வந்து கையோடு அழைத்துப் போனாள். புறப்படுகிற அன்று, மூன்று மாதத்து லாப்ரடார் குட்டி ஒன்றை என் மடியில் வைத்தார்.

“எலும்பு கெட்டியா இருக்கும்படி வளர்த்துடு தம்பி. எலும்பு போனா எல்லாம் போச்சு.”

குட்டியின் பெயர் பெத்தி. பிரெஞ்சில் ‘சின்னவன்’ என்று அர்த்தம்.

நான் பிளஸ் டூவோடு படிப்பை முடித்துக்கொண்டு கதை எழுதப் போனவன். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம், கொடுக்கக் கொடுக்க வளரும் என்பதுதான். தாத்தா விட்டுப்போன குட்டித் தீனி மூட்டையை நான் நம்பவில்லை. ஒரு கடையில் கால்சியம் டானிக் வாங்கினேன். நண்பர் ஒருவர் மீன் ஈரல் எண்ணெய் என்றார். இன்னொருவர் வைட்டமின் சொட்டு என்றார். மூன்றாமவர் மூட்டுக்கு ஒரு பொடி என்றார். ஒருவர் மனத்தையும் நான் புண்படுத்தவில்லை.

“நம்ம பையன் பரீட்சைக்குப் படிச்சப்போகூட இத்தனை சீசா வாங்கலியே!” என்றாள் என் மனைவி.

இரண்டு மாதம் சென்றது. ஒருநாள் காலை கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், பெத்தி முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கால் வெளிப்பக்கமாகக் கோணியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஆட்டோ பிடித்து, குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு ஓடினேன்.

டாக்டர் இளம் பெண். எக்ஸ்ரே எடுத்து, ரத்தத்தையும் சோதித்தார். பிறகு சீசாக்களை வரிசையாக வைக்கச் சொல்லி, பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். எனக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்தது.

“தீனியிலேயே வேண்டிய கால்சியம் அளந்து சேர்த்திருக்கு, சார். வளர்ந்த நாய்க்கு அதிகம் கொடுத்தா குடல் கொஞ்சமா எடுத்துக்கும். குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியா வராது; போட்டதை உள்ளே விட்டுடும். பெரிய ஜாதிக் குட்டிக்கு அதனாலேயே எலும்பு கோணும். ஈரல் எண்ணெயிலே இருக்கிற டி வைட்டமின் உடம்பிலேயே தங்கும், மிஞ்சினா விஷம்.”

“அப்படியானால் மீனெண்ணெய் நல்லதென்று சொன்னதெல்லாம் பொய்யா, அம்மா?”

“இல்லை சார். அதை நமக்குச் சொல்லிக்கொடுத்ததே நாய்க்குட்டிங்கதான்.”

அப்போது அவர் சொன்ன விஷயம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி என்ற டாக்டர், நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து, ஓட்ஸ் கஞ்சி போன்ற ஆகாரங்களைக் கொடுத்து வளர்த்தாராம். அவற்றின் கால்கள் வளைந்தன. காட் மீனின் ஈரல் எண்ணெயைக் கொடுத்ததும் குணம் கண்டது. 1919-ல் அவர் அதை வெளியிட்டார். அந்த எண்ணெயில் இருந்த சத்துக்கு மெக்காலம் என்ற அமெரிக்கர் 1922-ல் வைட்டமின் டி என்று பெயர் வைத்தார். பாட்டி என் மூக்கைப் பிடித்துப் புகட்டிய எண்ணெய்க்கு, அந்தக் குட்டிகள்தாம் சாட்சி!

வெறும் கறியும் சோறுமாகப் போடுகிற வீட்டில் கால்சியம் சேர்க்கத்தான் வேண்டும். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். குறை இருந்த இடத்தில் அது மருந்து. பெத்திக்கோ குறை ஒன்றுமில்லை. பயம் எனக்குத்தான் இருந்தது. மருந்தை அவன் குடித்தான்.

சீசாக்கள் அன்றோடு நின்றன. தீனி மட்டும் அளவாக. வாரத்தில் இரண்டு நாள் வேகவைத்த மீன் கொஞ்சம். எங்கள் பக்கத்தில் ‘கவலை’ என்று ஒரு மீன் உண்டு. அதை முள் எடுத்துப் போட்டுக்கொண்டே, “கவலையை அவன் தின்னட்டும், நீங்க தின்னவேண்டாம்” என்றாள் மனைவி.

ஆனால் மாதக் கடைசியில் டெலிபோன் வருமே! முதல் இரண்டு மாதமும் ‘சிங்கக்குட்டி மாதிரி இருக்கான்’ என்று அளந்திருந்தேன். இந்தத் தடவை பொய் நாக்கில் வரவில்லை. நான்கு சீசாக்களின் கதையையும் ஒப்பித்துவிட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பட்டாளத்துக்காரர், என்ன சொல்வாரோ என்று பயந்தேன்.

“தம்பி, இங்கே எம் மக தெனம் ஏழு மாத்திரை எடுத்து வைக்கிறா. டாக்டரு எழுதினது மூணுதான். மத்ததை யாருக்காக முழுங்கறேன்னு நினைக்கிறே?” என்றார் தாத்தா. கொஞ்சம் பொறுத்து, “பெத்தி இப்போ நடக்கறானா?” என்று கேட்டார்.

“நடக்கிறான், தாத்தா. கொஞ்சம் விந்துகிறான்.”

“நானும் அப்படித்தான் நடக்கிறேன்னு அவன்கிட்டே சொல்லு” என்றார்.