கட்டும் செட்டுமாக ஒரு கட்சி

வரவுக்கு மேல் செலவு செய்யாதவர், பாட்டன் வைத்துப் போன நிலத்தை விற்க மனம் வராதவர், கோயிலும் குடும்பமும் இருந்தபடி இருக்கட்டும் என்று நினைப்பவர். இப்படி ஒருவராவது உங்கள் வீட்டில் இருப்பார். பார்லிமெண்டுத் தேர்தல் என்று பேச்செடுத்தாலே அவர் முகத்தைச் சுளிப்பார். "எவன் வந்தாலும் ஒண்ணுதான், போ!" என்பார். அந்தச் சலிப்பைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

எங்கள் ரிஷிவந்தியத்தில் இத்தகையவர்களுக்குக் குறைவே இல்லை. இங்குள்ள அர்த்தநாரீசுவரர் கோயிலில், தேனபிஷேகம் ஆகிற சமயத்தில்தான் லிங்கத்தில் அம்மன் உருவம் தெரியும் என்பது ஐதீகம். கட்டுச்செட்டுக்காரர்களும் அப்படித்தான், தேர்தல் வந்தால்தான் அவர்கள் இருப்பதே தெரிகிறது. போன தேர்தலில் எல்லாக் கட்சிகளின் வாக்குறுதிகளையும் கேட்டுவிட்டு ஓர் ஆயா சொன்னாள்: "கடன் வாங்கிக் கண்ணாலம் பண்றவனைப் பாத்திருக்கேன். கடன் வாங்கித் தானம் பண்றவனை இப்பத்தான் பாக்கறேன்!"

டில்லியில் நமக்காகப் பேச ஒரு கட்சி இல்லையே என்பது இவர்கள் குறை. ஒரு காலத்தில் இருந்தது, தெரியுமா?

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், கூட்டுப் பண்ணை விவசாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நிலங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டால், 'என் காணி' என்று சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சும் என்று குடியானவர்கள் கலங்கினார்கள். கவர்னர் ஜெனரல் பதவி வரை பார்த்துவிட்ட ராஜாஜி, சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டிய 80-வது வயதில், அதே வருஷம் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். என்.ஜி. ரங்கா தலைவர், மினு மசானி பொதுச் செயலாளர். எதற்கெடுத்தாலும் சர்க்காரிடம் அநுமதி கேட்டு நிற்பதை, 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்' என்று ராஜாஜி கண்டித்தார். 1952-ல் சென்னை முதலமைச்சராக இருந்தபோது அரிசி ரேஷனை எடுத்தவரும் அவர்தான்.

கட்சி வளர்ந்தது. 1962-ல் லோக்சபையில் 18 இடங்கள். 1967-ல் 44 இடங்கள். எதிர்க்கட்சிகளில் அதுவே பெரியது. கூட்டுப் பண்ணையும் தேசத்தில் வேரூன்றவில்லை. சலிப்புக் கொண்டவர்கள் ஒன்று சேர்ந்தால் பலன் உண்டு என்பதற்கு இது சாட்சி.

ஆனால் கதையின் மறுபாதியையும் கேளுங்கள். காங்கிரசை இறக்கியே தீர வேண்டும் என்று 1967-ல் ராஜாஜி தி.மு.கழகத்தோடு கூட்டுச் சேர்ந்தார். நினைத்தது நடந்தது. சட்டசபையில் சுதந்திராவுக்கு 20 இடங்கள் கிடைத்தன. கழகத்துக்கோ தனிப் பெரும்பான்மையே கிடைத்துவிட்டது. அப்புறம் கூட்டாளியின் சொல் எங்கே ஏறும்?

இன்றைய கள்ளக்குறிச்சிப் பார்லிமெண்டுத் தொகுதி ஆத்தூர், ஏற்காடு வரைக்கும், அதாவது ராஜாஜியின் சேலம் ஜில்லாவுக்குள்ளும் நீள்கிறது. அந்த ஜில்லாவில்தான் 1937-ல் அவர் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971-ல் அது தளர்த்தப்பட இருந்தபோது, 92 வயதுக் கிழவர் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடைகள் திறக்கத்தான் திறந்தன. அந்த வருஷத் தேர்தலில் காமராஜருடன் கைகோத்தும், தேசம் முழுவதிலும் சுதந்திராவுக்கு மிஞ்சியது 8 இடங்கள். 1972-ல் ராஜாஜி காலமானார்; 1974-ல் கட்சி வேறொரு கட்சியில் கரைந்தது.

ஏன் இப்படி? பல மாகாணங்களில் அது மகாராஜாக்களையும் ஜமீன்தார்களையும் நம்பியிருந்தது. கிராமம் கிராமமாக வேலை செய்ய ஆள் போதவில்லை. கட்டுச்செட்டுக்காரர்கள் கட்சி வேலையிலும் கட்டுச்செட்டுதான்! அதைவிட முக்கியம், ஒருவரை இறக்குவதற்குக் கோபம் போதும். நாம் வேண்டியதைப் பெறுவதற்கு அது போதாது.

2024 ஜூனில் எங்கள் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். மதுவிலக்கு இருந்தால் மட்டும் கள்ளச் சாராயம் ஒழிந்துவிடுமா என்று கேட்பார்கள். ஒழியாதுதான். ஆனால் மதுவிலக்குக்கு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவே சொல்கிறதே! அதைப் பற்றி ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் எத்தனை பேர் கேட்டோம்?

'யாரும் வேண்டாம்' என்று அழுத்த 2013 முதல் நோட்டாப் பொத்தான் இருக்கிறது. அதில் எத்தனை ஓட்டு விழுந்தாலும், அபேட்சகர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜயித்தவர். பெருமூச்சுக்கு ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

ஆகையால் சகோதரிகளே, அபேட்சகர் கைகூப்பிக்கொண்டு வாசலுக்கு வரும்போது, ஆரத்தித் தட்டைக் கொஞ்சம் கீழே வையுங்கள். "இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வரும்? சாராயத்தைப் பற்றி உங்கள் கட்சி டில்லியில் என்ன பேசும், சென்னையில் என்ன செய்யும்?" என்று கேளுங்கள். பதிலைத் தெருவே கேட்கும்படி சொல்லச் சொல்லுங்கள். பிறகு, வீட்டில் முகம் சுளித்து உட்கார்ந்திருப்பவரையும் கையோடு அழைத்துக்கொண்டு ஓட்டுச் சாவடிக்குப் போங்கள்.