பெயரும் பெருக்கமும்

விளையாட்டுத்தானே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கணிப்பொறித் துறையில் இறுதியாண்டு பயிலும் எனக்கோ, ஒரு விளையாட்டு நிறுவனத்தின் வரலாறு விளையாட்டாகத் தோன்றவில்லை.

அமெரிக்காவின் அடாரி நிறுவனத்துக்கு வீடியோ விளையாட்டுகளை ஆக்கித் தந்தோரின் பெயரை அந்நிறுவனம் வெளியிடவில்லை. விற்பனையில் பங்கும் தரவில்லை. மனம் வெதும்பி வெளியேறிய சிலர் 1979-ல் தொடங்கியதே ஆக்டிவிஷன். அவர்கள் ஆக்கியோன் பெயரையும் விளையாட்டோடு அச்சிட்டனர். 1982-ல் வந்த 'பிட்ஃபால்', டேவிட் கிரேன் பெயரைத் தாங்கி வந்தது.

பின்னர் நிறுவனம் பெருத்தது. 2008-ல் விவெண்டியின் விளையாட்டுப் பிரிவுடன் இணைந்து ஆக்டிவிஷன் பிளிசார்டு ஆயிற்று. 2016-ல் 'கேண்டி கிரஷ்' தந்த கிங் நிறுவனத்தை 590 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2023-ல் மைக்ரோசாஃப்ட், ஏறத்தாழ 6,870 கோடி டாலருக்கு அதனையே வாங்கிக்கொண்டது. மூன்றே மாதத்தில், தன் விளையாட்டுப் பிரிவில் சுமார் 1,900 பேரை வேலையினின்று நீக்குவதாக அறிவித்தது.

பெருக்கம் தீதென்று நான் கூறேன். பெரிய விளையாட்டை ஆக்கப் பெரும் பொருளும் பல நூறு கைகளும் வேண்டும். ஆயினும், பெயருக்காகப் பிறந்த நிறுவனத்தின் கதை, வெறும் எண்ணிக்கையில் வந்து நிற்கிறதே!

நண்பர்களே, நாளை நாமும் இத்தகைய மாளிகைகளில்தான் நுழையப்போகிறோம். சம்பளம் எவ்வளவு என்று கேட்போம், கேட்கத்தான் வேண்டும். நம் ஆக்கத்தில் நம் பெயர் இருக்குமா என்பதையும் சேர்த்தே கேட்போம்.