கோண்வால் கரையில் ஐந்து நாள்

கரையோரமாக நடந்து செல்லும் பிரயாணம் நம்மவர்க்குப் புதியதன்று. செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டுக் கிழக்குக் கரை வழியே கதிர்காமம் வரையும் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் இன்றும் உளர். மூட்டையைத் தலையிற் சுமந்து, கோயில் மண்டபங்களிற் படுத்துறங்கி, கொடுத்ததை உண்டு நடப்பது அவர்கள் வழக்கம். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நாம் நடந்த நடையோ முற்றிலும் வேறு. மூட்டையை வண்டி சுமந்தது; இரவிலே பஞ்சணை காத்திருந்தது. இலண்டனில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழும் நம் தமையனார் செலவெல்லாம் தம்முடையதென்று கூறி, "தம்பி, ஐந்து நாள் என்னோடு நட" என்று அழைத்தபடியாற் சென்றோம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ளது கோண்வால். மைன்ஹெட் என்னும் ஊரிலிருந்து பூல் துறைமுகம் வரை 630 மைல் நீளும் கரையோரப் பாதையிலே, சென் ஐவ்ஸ் முதல் பென்சான்ஸ் வரையுள்ள ஏறத்தாழ 40 மைலையே நாம் தெரிந்துகொண்டோம். வழிகாட்டி எவருமில்லை. இடவிளக்கப்படம் ஒன்றும், கம்பங்களிற் பொறித்திருந்த ஓக் மரக்காயின் சின்னமுமே துணை. இப்பாதையை ஆக்கியவர் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். கள்ளக் கடத்தற்காரரைத் தேடிக் கரைகாவற் சேவகர் ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்து நடந்த தடமே இது. ஆதலால் நேர்வழி என்பதை இது அறியாது. ஒவ்வொரு முனையையும் சுற்றும். ஒவ்வோர் ஓடைக்கும் இறங்கி மீண்டும் ஏறும். வல்வெட்டித்துறைக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதிலே ஒரு குறும்பான மகிழ்ச்சியும் உண்டாயிற்று.

முதல் நாள் செனர் என்னும் சிற்றூர் வரை ஆறரை மைல். ஆறரை மைல் தானே என்று எண்ணிக் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்ட நாம், மாலை நான்கு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் கருங்கற் பாறைகள்; பாறை இல்லாத இடத்திற் சேறு. இருபுறமும் ஊதா நிறத்து ஹெதர்ப் பூவும் மஞ்சள் நிறத்து முட்செடிப் பூவும் கலந்து கிடந்த அழகைக் கண்ணால் நோக்கக் கால் இடந்தரவில்லை. பள்ளிக்கூட நாட்களில் ஓட்டப் பந்தயத்தில் முதல்வராய் வந்த தமையனார் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நின்றதைக் கண்டபோதுதான் அவருக்கு ஐம்பத்து நான்கு வயதாகிவிட்டதென்பது நமக்கு உறைத்தது.

காலை உணவோடு அறை வாடகைக்கு விடும் வீடுகளே இக்கரையில் வழிப்போக்கர்க்குப் புகலிடம். வீட்டுக்காரப் பெருமாட்டி வாயிலிலேயே நின்று, சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரும்படி மிக்க தயக்கத்தோடு கேட்டார். யாழ்ப்பாணத்தவர்க்கு இதையும் சொல்லித்தரல் வேண்டுமோ! வெந்நீர்க் குளிப்பு, வெண்ணிறப் போர்வை, தேநீர்க் கெண்டி. நாம் சைவ உணவினர் என்பதை முன்னரே எழுதியிருந்தபடியால், மறுநாட் காலை காளானும் தக்காளியும் அவரையும் வாட்டிய பாணும் வைத்தார்கள். காரம் மாத்திரம் இல்லை. தமையனார் சட்டைப் பையிலிருந்து சிறு மிளகாய்த்தூட் குப்பியை எடுத்தார். முப்பது ஆண்டும் அது அவரை விட்டுப் பிரியவில்லைப் போலும்.

இரண்டாம் நாள் மூடுபனியிலே கழிந்தது. பெண்டீன் வெளிச்சவீட்டை அருகிற் சென்ற பின்னரே கண்டோம்.

மூன்றாம் நாளை மறத்தல் இயலாது. செங்குத்தான பாறைகளின்மீது, கூரையிழந்த கல்வீடுகளும் புகைபோக்கிகளும் நின்றன. அவை தகரமும் செம்பும் அகழ்ந்த சுரங்கங்களின் இயந்திரசாலைகள். லெவன்ட் என்னும் சுரங்கம் கடலின் அடியிலே ஏறத்தாழ ஒரு மைல் தூரம் சென்றது. தொழிலாளரை ஏற்றி இறக்கும் படிகள் பொருத்திய மரத்தண்டு 1919 ஒக்ரோபர் 20 ஆம் நாள் வீழ்ந்தபோது 31 பேர் மாண்டனர். சுரங்கம் 1930 இல் மூடப்பட்டது; அயலிலுள்ள கீவர் 1990 வரை இயங்கிற்று. 19 ஆம் நூற்றாண்டிலே செம்பின் விலை வீழ, இவ்வூர் இளைஞர் ஆயிரக்கணக்கிலே தென் அவுஸ்திரேலியா, மெக்சிக்கோ, தென்னாபிரிக்கா என்று பெயர்ந்தனர். அவர்கள் அனுப்பிய காசிலே இங்குள்ள குடும்பங்கள் சீவித்தன. "எங்கடை ஊர் போலத்தான்" என்றார் தமையனார். அதன் பின் வெகுதூரம் இருவரும் பேசவில்லை.

'நிலத்தின் முடிவு' எனப் பெயர் பெற்ற முனையில் விளையாட்டுக் கடைகளே மிகுதி. நாம் அங்கே நில்லாமல் நடந்தோம்.

நான்காம் நாள் மாலை போத்கேர்ணோவை அடைந்தோம். ரொவீனா கேட் என்னும் மாது பாறையைக் குடைந்து அமைத்த திறந்தவெளி நாடக அரங்கு மேலே. வெண்மணற் கரை கீழே. 1870 இல் இங்கிலாந்தைப் பம்பாயோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பி இம்மணலிலேதான் கரையேறிற்று. கப்பலிலே வாரக்கணக்காகச் சென்ற செய்தி நிமிடக் கணக்கிலே சென்றது. இரண்டாம் மகாயுத்த காலத்தில், குண்டுக்கு அஞ்சி, தந்திக் கருவிகளை வைக்கச் சுரங்கத் தொழிலாளரைக் கொண்டு பாறைக்குள் அறை குடைந்தார்கள். இன்று அது நூதனசாலை.

அதனைப் பார்த்துவிட்டு மணலில் இருக்கையில், பல்லாண்டு சொல்லாதிருந்த ஒன்றைச் சொன்னோம். தமையனார் 1992 இல் நாட்டை விட்டுச் சென்றவர். மறு ஆண்டு, அவர் பேசுவாரென்று குறித்த ஒரு நாளுக்காக, நம் தந்தையார் கொழும்புக்குப் புறப்பட்டார். ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த காலம். இரவிலே படகேறிக் கிளாலிக் கடனீரேரியைக் கடத்தல் வேண்டும். கடக்கையில் உயிரிழந்தோர் பலர். தந்தையார் கடந்தார், சில நிமிடம் பேசினார், அதே வழியால் மீண்டார்.

"கொழும்பிலே அலுவலாய் வந்தேன் எண்டுதானே அப்பா சொன்னவர்" என்றார் தமையனார்.

"வேறு அலுவல் ஒன்றும் இருக்கவில்லை, அண்ணை."

தந்தையார் 1998 இற் காலமானபோது, பத்திரங்கள் சரிவராமையால் தமையனாரால் வர முடியவில்லை. அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. எழுந்து, நீர் காலிற் படும்வரை சென்று, நெடுநேரம் நின்றார்.

இறுதி நாட் பாதையே மிக நீளம். லமோர்ணாக் குடாவின் ஏற்றங்களில் தமையனாரின் பையையும் நாமே சுமந்தோம். பென்சான்சிலே புகைவண்டிக்குக் காத்திருக்கையில் படத்தை மடித்துக்கொண்டே, "கிளாலிக் கரையாலே இப்ப நடக்கலாமோ, தம்பி?" என்று கேட்டார்.

சித்திரையில் வெயில் கடுமை, தை மாதத்தில் வாருங்கள் என்றோம்.