நம்ம வீட்டு சர்வரை எவன் தேடி வரப்போறான்?

வீட்டில் லினக்ஸ் சர்வர் ஓடுகிறது என்று சொன்னால், ஏதோ ஏசி அறை, மினுக்கும் விளக்கு என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை மக்களே! கீல் உடைந்த பழைய லேப்டாப் ஒன்று பீரோ மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் டெபியன், ரூட்டரிலிருந்து ஒரு கேபிள், அவ்வளவுதான். வீட்டில் எல்லோருடைய ஃபோன் படங்களும், ஸ்கேன் செய்த பழைய ஆல்பமும் அதில் சேரும். (கரண்ட் போனால் பேட்டரியே யுபிஎஸ். ஆனால் எந்நேரமும் சார்ஜில் கிடக்கும் பேட்டரி உப்பலாம், அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.)

நிறுவுவது ஒரு சாயங்கால வேலை. அதில் எழுத ஒன்றுமில்லை. வெளியூரிலிருந்தும் படங்களைப் பார்க்கவேண்டும் என்று ஆசை வரும்போதுதான் வம்பு ஆரம்பம்.

"நம்ம வீட்டு கம்ப்யூட்டரை எவன்டா ஹேக் பண்ணப் போறான்?" இதைக் கேட்காத நண்பனே கிடையாது. யாரும் உங்களைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை என்பதுதான் விஷயம். ஐபிவி4-இல் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடி. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட இசட்மேப் என்ற நிரல், ஒரே கணினியும் ஒரு கிகாபிட் இணைப்பும் இருந்தால் இணையம் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டியது. ஊரிலுள்ள எல்லா வீட்டுப் பூட்டையும் ஒரு மதியத் தூக்க நேரத்தில் ஆட்டிப் பார்க்க முடிந்தால், எந்த வீடு பணக்கார வீடு என்று திருடன் ஏன் யோசிக்கப் போகிறான்?

எங்கள் வீட்டு இணைப்பு முதலில் சிஜிநாட். அதாவது ஒரு பொது முகவரியைப் பல வீடுகள் பங்குபோட்டுக்கொள்வது. உங்கள் ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்களும் அந்த ஜாதிதான். வெளியாட்கள் உள்ளே வர முடியாது, நீங்களும் வர முடியாது :-) ஐபிவி6 இருந்தால் இந்த ஆறுதல் செல்லாது. ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி, நடுவில் நிற்பது ரூட்டரின் ஃபயர்வால் மட்டுமே.

கூடுதல் பணம் கட்டித் தனி ஐபி வாங்கினேன். படங்களை ஏற்றும் முன், ஒரு ராத்திரி வேண்டுமென்றே எஸ்எஸ்எச்சின் 22-ஆம் போர்ட்டை மட்டும் வெளியே திறந்து வைத்தேன். பாஸ்வேர்டு நுழைவை அணைத்து, சாவிக் கோப்பு இருந்தால் மட்டுமே அனுமதி என்று மாற்றிய பிறகுதான். காலையில் லாக்கைப் பார்த்தால் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், உபுண்டு, பை... இந்த 'பை' ராஸ்பெர்ரி பையின் பழைய இயல்புப் பயனர் பெயர். அதை 2022 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள், பாவம், இவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பாக இருந்தாலும் 2016-இல் மிராய் பரவியது இப்படித்தான். கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாத கேமராக்களும் ரூட்டர்களும்தான் அதன் இரை. சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளே போதுமாயிருந்தன.

என் லேப்டாப்பில் ஒருவரும் நுழையவில்லை. சாவி இல்லாதவன் கோடி பாஸ்வேர்டு அடித்தாலும் வேலைக்காகாது. போர்ட்டை 2222-க்கு மாற்று என்று சிலர் சொல்வார்கள். லாக்கில் சத்தம் குறையும், பாதுகாப்பு பெரிதாகக் கூடாது.

இருந்தும் அந்தக் கதவை மூடிவிட்டேன். இப்போது வெளியே திறந்திருப்பது வயர்கார்டு ஒன்றுதான். 2020 மார்ச்சில் வந்த 5.6 கெர்னலிலிருந்து அது லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. எனக்குப் பிடித்த குணம், தெரியாத ஆள் கூப்பிட்டால் பதிலே பேசாது. தட்டிப் பார்ப்பவனுக்கு உள்ளே ஆள் இருக்கிறதா என்றே தெரியாது.

டாக்கர் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். யூஎஃப்டபிள்யூவில் எல்லாவற்றையும் அடைத்தாலும், டாக்கரில் வெளியிட்ட போர்ட் அடைபடாது. டாக்கர் ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 அல்லது வயர்கார்டு முகவரியைச் சேர்த்துக் கொடுங்கள். நிறைய 'எப்படிச் செய்வது' கட்டுரைகள் இதைச் சொல்வதே இல்லை, எரிச்சலாக வரும்.

இதையெல்லாம் விளக்கியபோது அம்மா ஒன்றுதான் கேட்டார்கள். "அந்தப் பெட்டி கெட்டுப்போனா தாத்தா ஃபோட்டோ என்னடா ஆகும்?" யாரும் ஹேக் செய்யவே வேண்டாம், பழைய ஹார்டு டிஸ்க் தானாகவே போய்ச் சேரும். ஹேக் செய்தாலும் கதை அதேதான். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த க்யூநாப் சேமிப்புப் பெட்டிகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. வேறு பிரதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வெளி டிஸ்க்கைச் செருகி, நகல் எடுத்து, உடனே கழற்றிவிடுகிறேன். செருகியே வைத்திருந்தால் பூட்டுபவன் அதையும் சேர்த்துப் பூட்டுவான். இரண்டாவது டிஸ்க் சித்தி வீட்டில். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை அதிலிருந்து திரும்ப எடுத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பார்ப்பேன். போன மாதம் எடுத்தது 1987 கல்யாண ஆல்பம். எல்லாம் திறந்தது. சித்தி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இன்னொரு பிரதி கேட்டிருக்கிறார்.