மிடறும் ஒரு மிடறு நீரும்

தமிழ் இசைமரபு தோல், துளை, நரம்பு, கஞ்சம் ஆகிய கருவிகளோடு நில்லாமல் பாடுவோரின் தொண்டையையும் மிடற்றுக்கருவி என்று சேர்த்தே எண்ணியது. அதே மிடறு என்னும் சொல் ஒரு வாயில் விழுங்கும் நீரின் அளவையும் குறிக்கிறது. தொண்டைக்கும் தண்ணீருக்கும் சொல்லளவில் அமைந்த இவ்வுறவு உடலளவில் எத்தகையது என்பதை, லண்டனில் கர்நாடக இசை பயிலும் தமிழரின் குளிர்கால வகுப்புகளில் கூர்ந்து காண முடிகிறது.

மேற்கு லண்டனின் காசில்டவுன் சாலையில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் இயங்கும் பாரதிய வித்யா பவன் முதல் ஈஸ்ட்ஹாம், ஹாரோ பகுதிகளில் ஆசிரியரின் வீட்டு முன்னறை வரை, இவ்வகுப்புகள் நடக்கும் இடங்கள் பலவாயினும், சுவரை ஒட்டி நிற்கும் ரேடியேட்டர் என்னும் வெந்நீர்ச் சூடேற்றி பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொது. வெளியே 5 டிகிரிக் குளிரில் ஈரம் நிறைந்திருக்கும் காற்று அறைக்குள் 21 டிகிரிக்குச் சூடேறும்போது, அதிலுள்ள நீராவி கூடாமல் அதைத் தாங்கும் திறன் மட்டும் பெருகுவதால், ஒப்பு ஈரப்பதம், அதாவது தாங்கக்கூடிய அளவில் காற்று உண்மையில் கொண்டிருக்கும் நீராவியின் பங்கு, ஏறக்குறைய 35 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. மழைக்குப் பேர்போன ஊரில் தொண்டை வறள்வதன் காரணம் இதுவே. ரேடியேட்டரின்மேல் ஈரத்துண்டு விரித்துவைக்கும் வீட்டு வழக்கத்தைக் கைவைத்தியம் என்று தள்ளிவிடலாகாது.

ஐந்து கட்டைச் சுருதியில் மத்திய ஸட்ஜத்தில் நிற்கும் பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 196 முறையும், மேல் ஸட்ஜத்தில் 392 முறையும் ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. இம்மோதலைத் தாங்குவது அவற்றின்மேல் படர்ந்துள்ள மெல்லிய சளிப்படலம். அது வறண்டு தடித்தால் ஒலியைத் தொடங்கவே கூடுதல் மூச்சழுத்தம் வேண்டியிருக்கும், மெல்லிய பிடிகளும் கமகங்களும் முதலில் கரகரக்கும்.

இந்த நாண்கள் பாடும்போது இயங்குவதைக் கண்ணால் காணும் வழியை உலகுக்கு அளித்தவர் மருத்துவர் அல்லர், பாட்டு வாத்தியார். ஸ்பானியரான மனுவேல் கார்சியா 1848இல் லண்டனுக்கு வந்து ராயல் இசைக் கழகத்தில் 1895 வரை பாட்டுக் கற்பித்தவர். 1854இல் பாரிஸ் சென்றிருந்தபோது பல் மருத்துவர் பயன்படுத்தும் நீண்ட காம்புள்ள சிறு கண்ணாடி ஒன்றை வாங்கி, வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, உள்நாக்கருகே வைத்து, மற்றொரு கண்ணாடியால் வெயிலை அதன்மேல் பாய்ச்சித் தம் குரல்வளையையே கண்டார். மூச்சின் ஈரம் படிந்து கண்ணாடி மங்காதிருக்கவே அந்த வெந்நீர். அவருடைய ஆய்வுரை 1855இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைக்கப்பட்டது. அவரோ 101 வயது வரை வாழ்ந்து 1906இல் இதே நகரில் மறைந்தார்.

உட்புறம் தெரிந்தபின்னும் குடிக்கும் நீர் நேரே நாண்களை நனைக்கிறது என்னும் தவறான எண்ணம் மாறவில்லை. உண்மையில் அந்நீர் குரல்நாண்களைத் தொடுவதேயில்லை. விழுங்கும் நொடியில் குரல்வளை மூடிக்கொள்ள, நீர் அதன் பின்னேயுள்ள உணவுக்குழாய் வழியே போய்விடுகிறது. சுக்கும் தேனும் பனங்கற்கண்டும் போகும் வழியும் அதுவே. அவை தொண்டைக்கு இதமளிப்பது உண்மை, நாண்களை நனைப்பதாகச் சொல்வது மிகை. குடித்த நீர் குடலில் உறிஞ்சப்பட்டு, குருதியில் கலந்து, சளிச்சுரப்பிகளை எட்ட நேரமாகும் என்பதால், மாலைக் கச்சேரிக்கான தண்ணீரைக் காலையிலிருந்தே குடிக்கவேண்டும். நேரே நாண்களை எட்டுவது மூச்சோடு செல்லும் நீராவி மட்டுமே; ஆவி பிடித்தல் அவ்வகையில் பாட்டியர் அறிந்த நல்ல முறை. (லண்டன் குழாய்நீர் சுண்ணாம்பு மிகுந்தது, கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும் அது தேநீரைக் கெடுக்குமே தவிரக் குரலை அன்று.)

குரலைப் பதப்படுத்தும் பயிற்சிகளில் மேற்குலகம் இன்று பெரிதும் போற்றுவது, வாயைப் பாதி அடைத்து ஒலிப்பது. உதடுகளை அதிரவிட்டுச் சுருதியோடு ஏறி இறங்குவது, ஸ்ட்ராவின் ஒரு முனையை நீரில் அமிழ்த்திக் குமிழி எழ ஊதியபடியே ஒலிப்பது ஆகியவை இவ்வகையின. வாயில் தேங்கும் காற்றழுத்தம் மேலிருந்து முட்டுக்கொடுப்பதால் நாண்கள் குறைந்த அடியோடு அதிர்கின்றன. பேருந்து ஓட்டி விளையாடும் குழந்தை எழுப்பும் ‘டுர்ர்’ ஒலியும் இதுவே என்பதால் சிறுவர்க்கு இதைக் கற்பிப்பது எளிது. கர்நாடக மரபில் குரலைப் பதப்படுத்தும் பயிற்சிகள், இதழ் மூடிய மகர ஒலியில் மந்தர ஸ்தாயியில் நெடுங்கார்வை பிடித்தலும், அதன்பின் வாய் திறந்த அகார சாதகமும், முதற்காலச் சரளி வரிசையும் ஆகும். மாயாமாளவகௌளையில் ஒரு ஸ்தாயிக்குள்ளேயே ஏறி இறங்கும் சரளி, தொடக்கப் பாடமாகக் கருதப்பட்டாலும், முதற்காலத்தில் நிதானமாகப் பாடப்படும்போது நாள்தோறும் குரலை இளக்கும் சாதகமாகவே பயன்படுகிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் வகுப்பில், சுருதிப்பெட்டிக்கு மாற்றாகக் கைப்பேசிச் செயலி ஒலிக்கத் தொடங்கியதும் குளிரிலிருந்து வந்த பிள்ளைகள் கோட்டைக் கழற்றிய கையோடு வர்ணத்தின் இரண்டாங்காலத்துக்குத் தாவுவது, நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றினும் குரலைக் கடன்வாங்கிச் செலவிடுவதே ஆகும்.

இவ்வளவுக்குப் பின்னும் பாடகரின் பக்கத்திலுள்ள பிளாஸ்க்குக்கு மேடையில் வேலை உண்டு. தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் தோன்றும்போது செருமினால் நாண்கள் ஒன்றையொன்று வன்மையாக அறைந்து மேலும் சளியைச் சுரக்கச் செய்யும். ஒரு மிடறு வெதுவெதுப்பான நீரை விழுங்கினால் செருமவேண்டும் என்னும் உந்துதல் அடங்கும். மிருதங்கம் தனித்து வாசிக்கப்படும் தனி ஆவர்த்தனத்தின்போது தாளம் மட்டும் போட்டபடி நெடுநேரம் மௌனமாக அமர்ந்திருக்கும் பாடகர், அது முடிவை நெருங்குவதை உணர்த்தும் மோராவை எட்டியதும் டம்ளரைக் கையிலெடுப்பது, தாம் பாடி வந்துசேரவேண்டிய எடுப்புக்கு முன் அந்த ஒரு மிடற்றை விழுங்கிக்கொள்வதற்காகவே.