ஆனையிறவும் ஆளில்லாக் கொட்டில்களும்

கிளிநொச்சியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பஸ்வண்டி பரந்தனைக் கடந்து உமையாள்புரத்தையும் பின்னிட்டதும், வீதியோர மரங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொள்கின்றன. இருமருங்கும் உவர்வெளி, அதற்கப்பால் கடனீரேரி. நீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணாற் கண்டு கூறுதல் அரிது. உப்புக் கலந்த காற்று முகத்தில் மோதும்போது, வன்னிப் பெருநிலம் முடிந்து யாழ்ப்பாணக் குடாநாடு தொடங்கும் வாயிலில் நிற்கிறோம் என்பதை உணர்கிறோம். இதுவே ஆனையிறவு.

வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகளை ஆழமில்லாத இந்நீரேரியின் வழியே அக்கரை சேர்த்து, ஊர்காவற்றுறை வரை நடத்திச் சென்று கப்பலேற்றினர் முன்னோர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவ்வணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டினர். ஒல்லாந்தர் காலத்தில் இங்கிருந்த சிறு கோட்டை பிற்காலத்திற் பிரயாணிகள் தங்கும் வாடிவீடாயிற்று. யானைகள் போயின, பெயர் மட்டும் நின்றது.

கடந்து செல்வதற்கென்றே பெயர்பெற்ற இவ்விடம், விட்டுச் சென்றவர்களையும் நிறையக் கண்டுவிட்டது. 1990 ஆம் ஆண்டிற் புகையிரதம் நின்றது, உப்பளமும் ஓய்ந்தது. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இம்மண்ணிற் பெரும்போர்கள் நிகழ்ந்தன. 2014 ஒக்டோபரிலேதான் யாழ்ப்பாணம் வரை மீண்டும் புகையிரதம் ஓடியது. உப்பளத்திலும் பின்னர் உப்பு விளையத் தொடங்கியது.

1991 ஆம் ஆண்டுப் போரிற் சேதமுற்ற, இரும்புக் கவசமிட்ட புல்டோசர் ஒன்று இன்று வீதியோரத்தில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருக்கிறது. பிரயாணிகள் இறங்கிப் படம் பிடிக்கின்றனர். கைவிடப்பட்ட வாகனத்துக்குப் பீடமுண்டு, பெயர்ப்பலகையுண்டு. இதே வழியால் ஓடிய மக்கள் கைவிட்ட கொட்டில்களுக்கு என்ன உண்டு? அன்று நான் சென்ற காரியமும் அத்தகைய கொட்டில்களைப் பற்றியதே.

ஆனையிறவுக்கு வடக்கே, பச்சிலைப்பள்ளிப் பிரிவிலுள்ள இயக்கச்சியில் என் தாயாரின் உறவினரான பெரியவர் ஒருவருக்குத் தென்னங்காணி உண்டு. போர் முடிந்த பின் முகமாலைப் பகுதிக்குத் திரும்ப வந்தோர் பலர், அங்கே புதைந்திருந்த கண்ணிவெடிகளால் தத்தம் வளவுகளிற் கால்வைக்க இயலாதிருந்தனர். அவர்களுள் நான்கு குடும்பங்களுக்குப் பெரியவர் தமது காணியின் மூலையில் இடம் கொடுத்தார். வாடகையில்லை, எழுத்துமில்லை. கண்ணிவெடிகள் அகற்றப்பட்டதும் மூன்று குடும்பங்கள் சொல்லிக்கொண்டு சென்றன. நான்காவது கொட்டிலில் இருந்தவர் ஒரு விதவைத் தாய். தம் இரு பிள்ளைகளுடன் ஒருநாள் போனவர் திரும்பவில்லை. கதவிற் பூட்டு மட்டும் தொங்கியது.

“மாரிக்கு முன் தென்னங்கன்று வைக்கவேண்டும், ஐயா. உழவு இயந்திரத்தை விட்டால் அரை நாள் வேலை” என்றான் மகன்.

“அந்தத் தகரம் எங்களுடையதல்ல, தம்பி” என்றார் தந்தை.

இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. ஆளில்லாக் கொட்டில் பாம்புக்கும் பற்றைக்கும் உறைவிடமாகும். காணியும் பயனற்றுப் போகும். ஆயினும் அக்கொட்டிலின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் தந்தையின் தயக்கம் விளங்கும். தகரமெங்கும் துளைகள், துளைகளிலெல்லாம் தார் அடைத்திருந்தது. 2008 ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் வன்னி மக்கள் ஊரூராக ஓடியபோது, கூரைத் தகரத்தையும் கதவையும் கப்பையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சென்றனர், நின்ற இடத்தில் நாட்டினர், மறுபடியும் கழற்றினர். வீடென்பது அசையாப் பொருள் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது. அவர்களிற் பலருக்கு அத்தகரங்களே வீடு.

வழக்கறிஞர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டோம். நம் நாட்டிற் பின்பற்றப்படும் உரோமன் டச்சுச் சட்டப்படி, நிலத்தோடு நிலையாகப் பொருந்திய கட்டடம் நிலத்தையே சேரும். எனினும், நன்னம்பிக்கையோடு பிறர் நிலத்தைத் திருத்தியவர் அதற்கு நட்டஈடு கோர இடமுண்டு. கழற்றி எடுத்துச் செல்லத்தக்க தகரமும் கதவும் பாத்திரமும் கொண்டுவந்தவருடையனவே. ஆள் இல்லை என்பதால் மட்டும் உரிமை அற்றுப்போவதில்லை; விட்டுவிடும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும். கதவைப் பூட்டிச் சென்றவர் விட்டுவிட்டார் என்று எளிதிற் சொல்லலாமா?

“பத்து ஆண்டு கடந்தால் காணியே கைமாறிவிடும் என்கிறார்களே?” என்று மகன் கேட்டான். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம், உரியவருக்கு எதிராகப் பத்து ஆண்டு தடையின்றிக் காணியை ஆண்டவருக்கே உரிமை தருகிறது. அனுமதியோடு இருந்தவருக்கு அது எளிதிற் பொருந்தாது. போரினால் நீதிமன்றம் செல்ல இயலாதிருந்தோரின் காணிகள் இவ்வாறு பறிபோகாதிருக்கவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கிடலாகாது என்பது அதன் கருத்து. இல்லாதவனின் பொருளுக்கும் காவல் வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நிலம் ஒருவருக்கும், அதன்மேல் நிற்கும் நகரும் வீடு வேறொருவருக்கும் சொந்தமான குடியிருப்புகள் பல உண்டு. குடியிருந்தவர் வீட்டை விட்டுப் போய்விட்டாலும் நிலக்காரர் நினைத்தவுடன் அதை அகற்ற முடியாது. கலிபோர்னியா மாநிலத்தில், வீடு கைவிடப்பட்டதாகக் கருதுகிறோம் என்ற அறிவித்தலை அவ்வீட்டில் ஒட்டி, 30 நாள் கழித்தே நீதிமன்றத்தை நாடவேண்டும். செல்வம் மிக்க நாட்டிலும் முதலில் அறிவித்தல், பிறகு காத்திருத்தல், அதன் பிறகே அகற்றுதல்.

பெரியவரும் அவ்வழியையே கைக்கொண்டார். கிராம அலுவலரும் அயலவர் இருவரும் வந்து நின்றனர். கொட்டில்கள் நான்கையும் படம் பிடித்தோம். தகரம், கப்பு, கதவு என வெளியிலிருந்து கண்டவற்றையெல்லாம் எண்ணி எழுதிக் கையொப்பமிட்டோம். திகதியிட்ட அறிவித்தலை ஒவ்வொரு கதவிலும் ஒட்டினோம். முகவரி தெரிந்த மூன்று குடும்பங்களுக்குக் கடிதம் சென்றது. நான்காமவரைப் பற்றி விசாரிக்குமாறு அவருடைய பழைய ஊராரிடம் சொல்லியனுப்பினோம். மூன்று மாதம் தவணை.

அன்று மாலை கிணற்றடியில் அமர்ந்திருந்தபோது பெரியவர் தம் கதையைச் சொன்னார். 2000 ஆம் ஆண்டுப் போரிற் குண்டு விழுந்து அவருடைய வீட்டுக்கூரை சரிந்தது. உடுத்த உடையோடு ஓடினார்கள். 2010 இல் திரும்பியபோது சுவர் பாதியே நின்றது. ஆனால் முற்றத்து மூலையில், உடையாத ஓடுகள் வரிசையாக அடுக்கப்பட்டு, மேலே பனையோலையால் மூடப்பட்டிருந்தன.

“யார் அடுக்கினாரென்று இன்றுவரை தெரியாது. இடையில் யாரோ வந்து தங்கியிருக்கிறார்கள். ஓட்டை விற்றிருக்கலாம், ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். முகம் தெரியாத எனக்காக அடுக்கி வைத்தார்கள். இப்போது நீங்கள் படுத்துறங்கும் அறைக்கு மேலே இருப்பது அந்த ஓடுதான்” என்றார். மகன் அதற்கு மறுமொழி கூறவில்லை. அவனும் அதை அன்றுதான் கேட்டான் போலும்.

புரட்டாதிக் கடைசியில் மீண்டும் சென்றேன். கடிதம் கண்ட குடும்பங்களுள் ஒன்று வந்து தன் தகரத்தை ஏற்றிச் சென்றிருந்தது. மற்றிரண்டும், தமக்குக் கல்வீடு கிடைத்துவிட்டதால் காணிக்காரரே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தன. நான்காமவரிடமிருந்து செய்தி இல்லை. கிராம அலுவலர் முன்னிலையில் அக்கொட்டிலைக் கழற்றினர். பூட்டை உடைக்கவேண்டாமென்று மகனே தடுத்தான். நிலையோடு சேர்த்துக் கதவைப் பெயர்த்தெடுத்து, பூட்டியது பூட்டியபடியே கொப்பறாக் கொட்டகையிற் சாத்தினான். உள்ளே இருந்த தகரப்பெட்டியையும் இரண்டு பாடப்புத்தகங்களையும் பட்டியலிற் சேர்த்துக்கொண்டு அதன் அருகில் வைத்தான்.

இன்று அந்த மூலையில் தென்னங்கன்றுகள் நிற்கின்றன. கொட்டில் நின்ற இடத்துச் சீமெந்துத் தரை மட்டும் அகற்றப்படவில்லை. காணி தன்னுடையது என்பதற்குப் பெரியவரிடம் உறுதி இருக்கிறது. தகரம் அந்தத் தாயினுடையது என்பதற்கு அவரிடமுள்ள பட்டியலே சாட்சி. பிறர் பொருளுக்கு நாம் எழுதிவைக்கும் பட்டியலைவிடப் பெரிய அயலுறவு வேறென்ன?

திரும்பும் வழியில் ஆனையிறவில் இறங்கிச் சிறிது நேரம் நின்றேன். பொழுது சாயும் வேளையில் உவர்வெளி செம்மை பூண்டிருந்தது. புகையிரதம் ஒன்று நீரேரியைக் கடந்து வடக்கே சென்றது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டாகப் புகையிரதம் வாராது, வாராது என்றிருந்தவர்கள் உண்டு. அது வந்துவிட்டது. பூட்டிய அந்தக் கதவுக்கு உரியவரும் ஒருநாள் வரக்கூடும்.